கணக்கெடுப்பில் விடுபட்ட அப்பாக்கள்

"வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லையா?"

காலனிக்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள் வாசலில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். திண்ணையில் இருக்கும் ஆண் எழுந்து தெருமுனைக்குப் போய்விடுவார். எத்தனை பிள்ளை, எத்தனை கலைந்தது, ஆபரேசன் ஆச்சா என்பதெல்லாம் பெண்ணிடம்தான். நோட்டும் கையுமாக நாங்களும் பல ஆண்டுகள் இப்படித்தான் திரிந்தோம்.

தேசிய குடும்பநல ஆய்வின் முதல் சுற்று 1992-93இல் நடந்தது. மணமான பெண்களிடம் மட்டுமே கேட்டார்கள். நாடு முழுக்க ஆண்களிடமும் கேட்கத் தொடங்கியது 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்றில்தான். 2019-21 சுற்றில் பேசிய பெண்கள் 7,24,115 பேர். ஆண்கள் 1,01,839 பேர். ஏழு பெண்ணுக்கு ஓர் ஆண்.

அதே ஆய்வில் தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 விழுக்காடு. 'ஆம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று அவர்களிடம் கேட்டவர்கள் குறைவு.

ஒரு காலத்தில் ஆண்களைத்தான் பிடித்தார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது. வட மாநிலங்களில் அதிகம் சிக்கியவர்கள் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். அப்போதும் அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதன்பின் அரசு பெண்கள் பக்கம் திரும்பியது.

பொழுது சாய்ந்தபின் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் எங்களுக்கு வேறு பதில்கள் கிடைத்தன. மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "தெம்பு போயிட்டா நாளைக்கு யாரு தோழர் சோறு போடுவா?" இதை வெறும் ஆண் திமிர் என்று தள்ளிவிட முடியாது. உடம்பு ஒன்றையே முதலாக வைத்திருப்பவரின் பயம் அது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள், பலம் குறையாது, பெண்ணுக்குச் செய்வதைவிட இது எளிய அறுவை, ஆனால் மூன்று மாதம் கழித்துச் சோதனை செய்யும்வரை ஆணுறை வேண்டும் என்று அவருக்கு எவரும் விளக்கியதில்லை. திமிரும் உண்டு, மறுக்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் மனைவிக்கு 'மலடி' பட்டம் கட்டிவிட்டு, தான் ஒரு சோதனைக்கும் போகாத ஆண்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறோம். அவர்களிடமும்தான் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

களஆய்வுக்கு வரும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஆண்களைச் சேர்ப்பதென்றால் மனைவிக்குப் பதிலாகக் கணவனைப் பேசவிடுவதல்ல. இருவரையும் தனித்தனியே கேளுங்கள். புருசன் பக்கத்தில் நிற்க, அடி வாங்கியதையோ பிள்ளை வேண்டாம் என்று நினைத்ததையோ அந்த அக்கா சொல்ல மாட்டார். ஆண்களிடம் ஆண் பேசினால் வாய் திறப்பார்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் காலனியில் ஆண்களைப் பார்க்க முடியாது. கட்டட வேலைக்கோ சூளைக்கோ போயிருப்பார்கள்.

எங்கள் கேள்வித்தாளில் இப்போது ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: 'உங்கள் பிள்ளை பிறந்த அன்று எங்கே இருந்தீர்கள்?' மத்திய அரசு ஊழியரான ஆணுக்குப் பிள்ளை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. தினக்கூலிக்கு ஒரு நாளும் கிடையாது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய ஒருவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போன்லதான் அழுகைச் சத்தம் கேட்டேன். பாக்கறதுக்கு நாலு மாசம் ஆச்சு" என்றார். அதை எழுத எங்கள் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தோம்.