ஆயிரம் வீடுகளில் ஒரே பேரேடு

வங்கியில் நாம் பணம் கட்டினால் வங்கி அதைத் தன் பேரேட்டில் வரவு வைக்கிறது. பேரேடு வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. அதன் கணக்கை நாம் நம்புகிறோம். வங்கியே இல்லாமல், ஒரே பேரேட்டின் நகலை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன? 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின் வலை இப்படித்தான் இயங்குகிறது. புதிய பதிவு ஒவ்வொன்றையும் தானே சரிபார்த்து ஏற்கும் கணிப்பொறிக்குக் ‘கணு’ என்று பெயர்.

ஒரு கணுவை நடத்த என்னென்ன வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை புதிய பதிவுகள் ஒரு தொகுதியாகப் பேரேட்டில் சேர்கின்றன. அதாவது நாளொன்றுக்கு 144 தொகுதிகள். தொகுதிக்கு 1 மெகாபைட் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 52 கிகாபைட். இப்போதைய தொகுதிகள் பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. ஆகவே, முழுப் பேரேடு இன்று 600 கிகாபைட்டைத் தாண்டிவிட்டது. அதை வைக்க 1 டெராபைட் சேமிப்பகம் வேண்டும். இடம் போதாதவர்கள் பழைய தொகுதிகளைச் சரிபார்த்தபின் அழித்துவிடலாம்.

கணிப்பொறி பெரிதாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை போதும். அதுவும் சேமிப்பகமும் சேர்ந்து 10 வாட் எடுத்தால், இரவு பகலாக 30 நாள் ஓடினாலும் ஆகும் மின்சாரம் 7.2 யூனிட்தான். மின்சாரத்தை விழுங்குவது புதிய தொகுதிகளை உருவாக்கும் வேலை. அது வேறு, இது வேறு. ஆனால் நல்ல இணைய இணைப்பு தேவை. மற்றக் கணுக்கள் கேட்கும் தொகுதிகளை அனுப்புவதிலேயே மாதம் 200 கிகாபைட் செலவாகலாம்.

சரி, இந்தச் செலவை யார் தருகிறார்கள்? யாருமில்லை! தொகுதியை உருவாக்குவோருக்குப் புதிய பிட்காயின் பரிசாகக் கிடைக்கிறது. சரிபார்ப்பவருக்கு ஒரு காசும் கிடையாது. பிறர் சொல்லை நம்ப வேண்டியதில்லை என்பதே அவருக்குக் கிடைக்கும் பலன்.

ஈதரியம் வலையின் வழி வேறு. 2022 செப்டம்பர் முதல் அங்கே தொகுதிகளை முன்மொழிவோர் குறைந்தது 32 ஈதரைப் பிணையாகக் கட்டவேண்டும். ஒழுங்காக உழைத்தால் வெகுமதி. ஏமாற்றினால் பிணையில் பிடித்தம். இதனால் அந்த வலையின் மின்செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஆனால் 32 ஈதருக்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டுமே!

செலவு கூடினால் என்ன ஆகும்? வசதியில்லாதவர்கள் விலகுவார்கள். கடைசியில் பேரேடு சில பெரிய நிறுவனங்களிடம் மட்டும் தங்கிவிடும். பழைய வங்கி முறைக்கும் அதற்கும் அப்போது என்ன வேறுபாடு? பிட்காயினில் 1 மெகாபைட் வரம்பை உயர்த்தலாமா என்ற விவாதம் மூண்டதும் இதனால்தான். பெரிய தொகுதியில் அதிகப் பதிவுகள் அடங்கும் என்றனர் ஒரு சாரார். சிறிய கணுக்கள் தாங்கா என்றனர் மறு சாரார். 2017 ஆகஸ்ட் 1 அன்று முதல் சாரார் பிரிந்து, 8 மெகாபைட் வரம்புடன் பிட்காயின் கேஷ் என்ற தனி வலையைத் தொடங்கினர்.

எல்லாத் தொகுதிகளும் 8 மெகாபைட் நிறைந்து வந்தால், காலியான 1 டெராபைட் சேமிப்பகம் எத்தனை ஆண்டு தாங்கும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இரு சாராரில் யார் பக்கம் நீங்கள் என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.