ஈறுதானே என்று இருந்து விடாதீர்கள்!



நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 46. எனக்கு நேர்ந்தது உங்களில் ஒருத்திக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாலைந்து வருஷமாகவே பல் தேய்க்கும்போது எனக்கு ரத்தம் வரும். கொய்யாப்பழம் கடித்தால் பழத்தில் சிவப்பாகக் கறை தெரியும். வலி மட்டும் கிடையாது. வலி இல்லாததை நாம் எங்கே நோயாக நினைக்கிறோம்? "உடம்பு சூடும்மா, உப்புத் தண்ணியில கொப்பளி" என்றார் என் மாமியார். கொப்பளித்தேன். இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும்.

ஒரு முறை பக்கத்தில் இருந்த பல் மருத்துவரிடம் போனேன். காரையை எடுத்துச் சுத்தம் செய்தார். வீட்டுக்கு வந்து நாக்கால் தடவிப் பார்த்தால் பல்லுக்குப் பல் இடைவெளி! கீழே முன்பற்கள் லேசாக ஆடுவது போலவும் இருந்தது. "பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட்டம் கொடுத்துடும்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார் எதிர்வீட்டு அக்கா. பயந்துபோய் அதற்கப்புறம் இரண்டு வருஷம் பல் டாக்டர் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

போன வருஷம் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த சமயம். கீழ் முன்பற்கள் நாலும் நன்றாகவே ஆட ஆரம்பித்தன. வாயில் துர்நாற்றம் வேறு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கையால் வாயை மூடிக்கொண்டு பேசினேன். வேறொரு மருத்துவமனைக்குப் போனதும், பார்த்த இரண்டு நிமிஷத்தில், "நாலையும் எடுத்துட்டு பல் கட்டிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் சொன்னபோது, "அண்ணி, அவசரப்படாதீங்க. பிடுங்கின பல் திரும்ப வராது. ஒரு தடவை இங்க அண்ணாமலை நகர்ல ஈறு டாக்டர்கிட்ட காட்டிடலாம், வாங்க" என்றாள். ஈறுக்கென்று தனியாக டாக்டர் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில் 1980ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 2021ல் அது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. காலையிலேயே பஸ் பிடித்துப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, ஈறு நோய்ப் பிரிவில் உட்கார்ந்தேன்.

அங்கே பார்த்த பெண் டாக்டர் முதலில் பல்லைத் தொடவே இல்லை. "சர்க்கரை இருக்காம்மா?" என்று கேட்டார். மூன்று வருஷமாக இருக்கிறது என்றேன். "இதுக்கு முன்னாடி பார்த்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" சொல்லவில்லை. பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்! சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக வளரும், ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சர்க்கரையும் சுலபத்தில் இறங்காது, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போகும் என்று அவர் விளக்கினார்.

பிறகு கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறின் ஆழத்தை அளந்தார். மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகப் போக, ஈறு பல்லை விட்டுப் பை மாதிரி விலகுகிறது என்று அர்த்தம். எனக்குக் கீழ்ப்பற்களில் 6, 7 என்று வந்தது. எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து இறங்கியிருந்தது.

"அன்னிக்குச் சுத்தம் பண்ணினதால ஆடலைம்மா. எலும்பு ஏற்கனவே கரைஞ்சு போச்சு. காரை சிமெண்ட் மாதிரி பல்லைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. அதை எடுத்ததும் உண்மை தெரிஞ்சது" என்றார். அப்போதே தொடர்ந்து காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஊசி போட்டு மரத்துப் போக வைத்து, ஈறுக்குள் வேர் வரை நாலு தவணையாகச் சுத்தம் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது நிறைய இடங்களில் ஆழம் குறைந்திருந்தது. குறையாத இடத்தில் ஈறை விலக்கிச் சுத்தம் செய்து தையல் போட்டார்கள். நாலு பல்லில் ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மூன்றையும் உள்பக்கமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இணைத்திருக்கிறார்கள். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது, இனிமேல் கரையாமல் பார்த்துக் கொள்ளலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிதம்பரம் போய் வருகிறேன்.

எதற்கெடுத்தாலும் ஈறு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல் சொத்தை, கூச்சம், வேர் சிகிச்சை, வழக்கமான சுத்தம் இவற்றுக்கெல்லாம் உங்கள் பல் மருத்துவரே போதும். லேசான ஈறு வீக்கத்தையும் அவரே சரி செய்துவிடுவார். ஈறு நிபுணரும் பல் மருத்துவர்தான். பி.டி.எஸ். முடித்து, ஈறுக்கென்று மேலும் மூன்று வருஷம் எம்.டி.எஸ். படித்தவர். எப்போது அவரைப் பார்ப்பது? நான் கேட்டுத் தெரிந்து கொண்டதைக் கீழே எழுதுகிறேன். வேண்டுமானால் இந்த இடத்தை மட்டும் கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1. சுத்தம் செய்து, ஒழுங்காகப் பல் தேய்த்தும், இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால்.

2. பல் ஆடினால், நகர்ந்து புது இடைவெளி விழுந்தால், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிந்தால்.

3. ஈறை அழுத்தும்போது சீழ் வந்தால், ஓயாத வாய் நாற்றம் இருந்தால்.

4. அளந்து பார்த்ததில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால், எக்ஸ்ரேயில் எலும்புக் கரைவு தெரிந்தால்.

5. சின்ன வயசிலேயே, சொத்தை எதுவும் இல்லாமல் பல் ஆடினால்.

சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிளட் பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும், வலிப்புக்கான சில மாத்திரைகளாலும் ஈறு தடித்து வளரலாம். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஈறில் ரத்தம் வருவது சகஜம் என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். வீட்டில் ஆண்கள் புகை பிடிப்பவர்களாக இருந்தால், ரத்தம் வராததை வைத்து ஈறு நல்லது என்று நம்பாதீர்கள். புகை ரத்தக் கசிவை மறைத்து விடுமாம்.

உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆடுகிற பல்லைப் பிடுங்கச் சொன்னால், சம்மதிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், ஈறு ஆழத்தை அளந்து பார்த்தீங்களா? ஈறு நிபுணர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா?" கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்.

தை மாதம் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட நான் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை!

- ஒரு வாசகி, கடலூர்.