மலை மேல் ஒரு பகல், மகள் முகத்தில் ஒரு சிரிப்பு!

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் பிழியும்போது நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷமாகிறது. அந்த மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக்கு நான் போனது எத்தனை தடவை தெரியுமா? இரண்டே தடவை! அதுவும் எப்படி? முப்பது பேருக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போய், பூங்காவில் ஜமக்காளம் விரித்து, பரிமாறி, பாத்திரம் ஒழித்து, மூட்டை கட்டித் திரும்பி வந்தேன். பூவைப் பார்த்தேனா என்று கேட்டால் பதில் இல்லை.

மூன்றாவது தடவை போனது என் மகளுக்காக.

ஏன் இந்த அழுகை?

மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தான். வேறென்ன வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஆனால் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்க மாட்டாள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளை சனிக்கிழமைதோறும் கோயமுத்தூரிலிருந்து வருவார். அவரிடமும் பேச்சில்லை. "ஏன் கண்ணு அழறே?" என்று கேட்டால், "தெரியலைம்மா" என்பாள்.

"புள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும். பத்தியம் சரியா இருந்தா போதும்" என்றார் என் மாமியார். நானும் அப்படியே இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் மனசு சுடுகிறது. மூன்று மாதம் போன பிறகுதான் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

அவர் சொன்னதை இளம் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகச் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோய். வைத்தியம் உண்டு, குணமாகும். தாயின் திமிரும் இல்லை, குழந்தையின் ராசியும் இல்லை. தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடலாம் என்கிற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

மருந்து எழுதிக் கொடுத்து, "இவளைத் தூங்க விடுங்க. தினம் கொஞ்ச நேரம் வெளிச்சத்துல, மரம் செடி இருக்கிற இடத்துல நடக்க விடுங்க" என்றார். தெருமுனைப் பூங்காவுக்குப் பத்து நாள் போனோம். பிறகு ஒரு நாள் மலையைப் பார்த்தேன். போனால் என்ன?

"நாலு மாசக் கைப்புள்ளையைத் தூக்கிட்டு மலைக்கா? காத்துக் கருப்பு அண்டும்!" என்று மாமியார் குதித்தார். டாக்டரம்மா சரி என்றதால் கிளம்பிவிட்டோம்.

இருபது வளைவு

பங்குனி மாதம், வாரநாள். சேலத்திலிருந்து பஸ்ஸில் சுமார் முப்பது கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே கொதிக்கிற வெயில். பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறியதும் ஜன்னல் வழியே குளுகுளுவென்று காற்று வந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறதல்லவா!

போன வாரம்தான் கோடை மழை பெய்திருந்தது. காப்பிச் செடிக்கு அந்த மழைதான் பூ மழை. மழை விழுந்து பத்து நாள் வாக்கில் தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். வாசனை மல்லிகைப் பூவே தோற்றது போங்கள்! இரண்டு மூன்று நாள்தான் அந்தக் கோலம், அப்புறம் வாடிவிடும். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவராம். இப்போது சில்வர் ஓக் மர நிழலில் காப்பி, அந்த மரத்திலேயே மிளகுக் கொடி என்று பார்க்கிற இடமெல்லாம் பச்சை.

முதலில் ஏரி. ஏரியும் காடும் சேர்ந்ததால்தான் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஏரிக்குப் பக்கத்திலேயே அண்ணா பூங்கா. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று இங்கே கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கோ நாங்களும் தோட்டக்காரர்களும்தான். புல்வெளியில் துண்டை விரித்துப் பேரனைப் படுக்கப் போட்டேன். மரத்து இலை அசைவதைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தான். மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் சும்மா இருந்தோம். வீட்டில் பெண்பிள்ளை அரை மணி சும்மா உட்கார்ந்தால் விடுவார்களா?

ஒட்டினாலும் உறிஞ்சாத செடி

அங்கிருந்து வண்டி பேசிக்கொண்டு தாவரவியல் தோட்டத்துக்குப் போனோம். மத்திய அரசின் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை நடத்துவது. ஆர்க்கிட் என்ற மலர்ச் செடிகளுக்கென்றே தனி வீடு வைத்திருக்கிறார்கள். குடுவைச் செடியும் உண்டு. மேகாலயாவின் காசி மலையைச் சேர்ந்தது. இலை நுனியில் மூடி போட்ட சின்னக் கூஜா தொங்கும். உள்ளே விழுகிற பூச்சியைக் கரைத்துச் சாப்பிட்டுவிடுமாம்!

மரக்கிளையில் தொற்றிக்கொண்டிருந்த ஆர்க்கிட்டைப் பார்த்து, "இது மரத்தோட சத்தை உறிஞ்சிடுமா?" என்று மகள் கேட்டாள். வெகுநாள் கழித்து அவளாகக் கேட்ட கேள்வி அது!

"இல்லைங்க அம்மணி. இதுக்கு நிக்க இடம் மட்டும்தான் வேணும். தண்ணிய மழையிலயும் காத்து ஈரத்துலயும் வேரே இழுத்துக்கும். மரத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க" என்றார் அங்கே வேலை செய்த பெரியவர்.

அங்கேயே ஒரு பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் கோயில் மணி போல 'டங்'கென்கிறது. பெரியவர் தட்டினார். பேரன் முதலில் திடுக்கிட்டான், பிறகு பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கென்று சிரித்தான். அவன் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டோம். மகள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு!

பெண்கள் இருக்கை

கடைசியாக லேடீஸ் சீட். பக்கத்தில் ரோஜாத் தோட்டமும் உண்டு. மலை விளிம்பில் இயற்கையாக அமைந்த பாறை இருக்கை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி இங்கே உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பாளாம். கீழே வளைந்து வளைந்து மலைப்பாதை, அப்பால் சேலம் நகரம். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர்கூடத் தெரியும்.

அங்கே உட்கார்ந்துதான் மகள் பேசினாள். "நான் நல்ல அம்மா இல்லையோன்னு பயமா இருந்துச்சும்மா. சொன்னா எல்லாரும் திட்டுவீங்கன்னு சொல்லலை. உங்க மேலயும் பாரமா ஒட்டிக்கிட்டிருக்கேன்னு தோணும்."

"அந்தப் பெரியவர் சொன்னது கேக்கலையா கண்ணு? மரத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். இந்த அழுகை வேறு.

ஒரு நாள் உல்லாசப் பயணத்தில் நோய் பறந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். மருந்தை இன்னும் பல மாதம் டாக்டர் சொன்னபடி சாப்பிட்டாள். ஆனால் வாய் திறந்தது அந்தப் பாறை மேல்தான்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு

* பஸ் மலை ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்கும்போது காது அடைப்பு விலகும்.
* குல்லாவும் ஸ்வெட்டரும் கட்டாயம். மாலையில் பனி இறங்கும்.
* வாந்தி வருமென்றால் முன் சீட்டில் உட்காருங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.
* குரங்குகள் உண்டு. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்க விடாதீர்கள்.
* பிளாஸ்டிக் வேண்டாம். துணிப்பையும் எவர்சில்வர் டம்ளரும் போதும்.
* தாவரவியல் தோட்டம் திறந்திருக்கும் நாளை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.
* முக்கியமாக, சமையல் மூட்டை கட்டாதீர்கள்! தயிர்சாதமும் ஊறுகாயும் போதும்.

இருட்டின பிறகு வீடு வந்து சேர்ந்தோம். மாமியார் பேரனுக்குத் திருஷ்டி கழித்தார். மகள் கலகலவென்று மணிப்பாறையைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், மெல்ல என் பக்கம் திரும்பினார். "அறுபத்தெட்டு வயசாச்சு. பொறந்ததும் சேலம், வாழ்க்கைப்பட்டதும் சேலம். நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

அடுத்த மாதமே கூட்டிப் போனேன். லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, அத்தனை கட்டடங்களுக்கு நடுவே எங்கள் மொட்டை மாடி எது என்று ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார்.