கெடுத் தேதி தெரியாத டப்பா

லிஸ்டீரியா என்னும் கிருமிக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. பெரும்பாலான கிருமிகள் முடங்கிக் கிடக்கும் ஃபிரிட்ஜுக்குள்ளும் அது மெல்லப் பெருகும். உணவின் மணமோ நிறமோ மாறாது. 2008-இல் கனடாவில், பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள் வழியே பரவி 20-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் இருந்தவர்கள்.

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களின் சமையற்கட்டில் தேதிச்சீட்டுக்கு அத்தனை மதிப்பு இதனால்தான். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் மாதிரி விதித்தொகுப்பின்படி, அப்படியே எடுத்து உண்ணக்கூடிய, கெட்டுப்போகும் உணவை 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதானால் தேதி குறிக்க வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாமல் வைத்தாலும் கெடு 7 நாள்தான். சமைத்த நாளே முதல் நாள் என்பதால், திங்களன்று வைத்த கோழி சூப்புக்கு ஞாயிறுதான் கடைசி. ஃப்ரீசரில் உறைய வைத்தால் கணக்கு நிற்கும். உருக்கத் தொடங்கியதும் விட்ட நாளிலிருந்து தொடரும், புதிதாகத் தொடங்காது. பழைய கோழியைப் புதிய சாலடில் கலந்தால், கிண்ணம் முழுவதற்கும் பழைய தேதிதான்.

ஆறவைத்த விதம் பிழையானால் சீட்டால் பயனில்லை. சூடான உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். அண்டாவோடு உள்ளே வைத்த சூப்பின் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்; அகலமான, ஆழமற்ற தட்டுகளில் பிரித்து ஊற்றுவதே சரி. ஃபிரிட்ஜுக்குள் பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில்.

பொட்டலத்திலிருந்து டப்பாவுக்கு மாற்றிய மாவு, உப்பு, சர்க்கரைக்குப் பெயர் எழுத வேண்டும். மக்ரோனி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, பார்த்தாலே தெரியுமாம்!

சிக்கலானது, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவு. அதை முதியவர் உண்பதை மத்திய விதி தடுக்கவில்லை. தடுப்பது நியாயமும் அல்ல. ஆனால் அதைப் பாதுகாப்பாக வைப்பதற்கு இல்லம் ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும். உண்பவர் பெயரும் கொண்டுவந்த தேதியும் எழுதிப் பொதுச் சமையலோடு கலக்காமல் வைப்பது வழக்கம். நினைவு மங்கியவரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் டப்பா என்றைக்கு வந்தது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. அறைக்குள் இருக்கும் சிறிய ஃபிரிட்ஜின் வெப்பமானியைப் பார்ப்பதும், கெடு கடந்ததை அப்புறப்படுத்துவதும் யார் வேலை என்பதையும் கொள்கையிலேயே எழுதிவிடுவது நல்லது. இல்லையேல் சமையற்காரர் பார்ப்பார் என்று செவிலியரும், செவிலியர் பார்ப்பார் என்று சமையற்காரரும் இருந்துவிடுவார்கள்.