பப்பாசிப் பாலும் புற்றுநோய்ப் படமும்

முற்றிய ஆட்டிறைச்சியோடு பச்சைப் பப்பாசித் துண்டொன்றைச் சேர்த்தால் அது விரைவில் வெந்துவிடும் என்பதை நம் தாய்மார் அறிவர். பப்பாசிப் பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியம் புரதத்தை அறுப்பதே காரணம். முன்னாளில் இலங்கை அப்பாலை உலர்த்திப் பிறநாடுகளுக்கு அனுப்பிப் பொருளீட்டியதுண்டு. புற்றுநோயைப் படம்பிடிக்கும் புதிய முறையொன்றின் தொடக்கமும் அப்பாலிலேயே இருக்கிறது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

நம் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்கள் உள. வடிவம் கவட்டைக் கொம்பு போன்றது. கவட்டின் இரு நுனிகளும் குறித்த ஒரு பொருளை மட்டுமே பற்றும். புற்றுக்கலத்தைப் பற்றும் ஒன்றைத் தேர்ந்து, கதிர்வீசும் அணுவை அதில் இணைத்து ஊசி மூலம் செலுத்தினால், நோய் பதுங்கியுள்ள இடத்தைக் கருவி காட்டிவிடும்.

சொல்வது எளிது. ஆனால் முழு எதிரி பருத்த மூலக்கூறு; நாட்கணக்கில் இரத்தத்திலேயே சுற்றும். அதுவரை உடலெங்கும் கதிர் பரந்திருப்பதால் புற்று தனித்துத் தெரியாது. பனி மூடிய காலையில் எதிர்மலை லயம் மறைந்துபோவதைப் பார்த்த டிக்கோயாவாசிகளுக்கு இந்நிலை விளங்கும். பனி விலக நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டும்.

இக்காத்திருப்பு நமக்குச் சிறிய காரியமன்று. டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை எழுந்தது, மகிழ்ச்சியே. ஆயினும் பெரிய புற்றுநோய்ச் சோதனைகளுக்குக் கண்டிக்கோ மகரகமைக்கோதான் போகவேண்டும். ஊசிக்கு ஒரு பயணம், படத்துக்கு மறுபயணம் என்றால், நோயாளிக்கும் துணைவருபவருக்கும் எத்தனை நாட்பேர் போகும்!

1959இல் இங்கிலாந்தின் ரொட்னி போர்ட்டர், பப்பேயினைக் கொண்டு முயலின் பிறபொருளெதிரியை வெட்டியதை வெளியிட்டார். பற்றும் புயங்கள் இரண்டும் அடிக்காம்பு ஒன்றுமாக மூன்று துண்டுகள் கிடைத்தன. காம்பை இழந்தும் புயம் தன் பற்றை இழக்கவில்லை! எதிரியின் அமைப்பை அறிவதே அவர் நோக்கம். படம் பற்றி அவர் எண்ணியிருக்கமாட்டார். இவ்வாய்வுக்காக 1972இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இரத்தத்தில் நெடுநாள் தங்கும் இயல்பு பெரிதும் அக்காம்பினுடையது. முழு எதிரியின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 150,000, புயத்தினது 50,000. சிறுநீரகம் அதை எளிதில் வடித்துவிடும். ஆகவே, ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் தெக்னீசியக் கதிரே அதற்குப் போதும். இத்தகைய துண்டொன்று 1996இல் பெருங்குடற் புற்றைப் படம்பிடிக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பின்னர் வழக்கொழிந்தது.

இப்போது பப்பேயினும் தேவையில்லை. பரம்பரையலகைத் திருத்தி, பற்றீரியாக்களைக் கொண்டே வேண்டிய துண்டை ஆக்குகின்றனர். ஒட்டகத்தின் இரத்தத்தில் விசித்திரமான எதிரியொன்று இருப்பதை 1993இல் பெல்ஜிய அறிஞர் வெளியிட்டனர். அதன் பற்றுமுனையின் திணிவு 15,000 மட்டுமே. அவ்வகைத் துண்டை மார்பகப் புற்று நோயாளருக்குச் செலுத்தி, ஒன்றரை மணி நேரத்தில் தெளிந்த படம் பெற்றதாகப் புருசெல்ஸ் மருத்துவர் 2016இல் எழுதினர். காலையில் ஊசி, மதியத்துக்குள் படம்! இம்முறை பொது வழக்குக்கு வருமுன் இன்னும் சோதனைகளைக் கடக்கவேண்டும்.

ஒரு தொல்லை எஞ்சுகிறது. துண்டு மிகச் சிறுத்தால் கதிர் சிறுநீரகத்தில் குவிந்து, அருகிலுள்ள புற்றை மறைக்கிறது. புற்றிலும் போதிய அளவு சேர்வதில்லை. எனவே கலிபோர்னியாவின் அன்னா வூ போன்றோர் சிறு துண்டுகளை இரண்டிரண்டாகப் பிணைத்து, 55,000, 80,000 என நடுத்தர அளவுகளில் செய்து பார்த்தனர்.