கான்கிரீட்டைப் பற்றிப் பிடிக்கும் ஆணிகள்



பினாங்கில் 1960களில் எழும்பத் தொடங்கிய ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகள் முன்கூட்டியே வார்க்கப்பட்ட கான்கிரீட் பலகைகளால் ஆனவை. 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளோ செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. இவ்விருவகைச் சுவர்களிலும் ஒரே ஆணியை இறக்கலாமா? கூடாது. ஏன் என்பதை இன்று ஆராய்வோம்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே, ஆங்கர் போல்ட் எனப்படும் நங்கூர ஆணியை அளவுக்கு மீறி இழுத்தால், ஆணி அறுவதற்கு முன்பே கான்கிரீட் கூம்பு வடிவில் பெயர்ந்து வரக்கூடும். ஆணி ஆழமாக இறங்கினால் பெயர வேண்டிய கூம்பும் பெரிதாகும், பிடிப்பு கூடும். ஓரத்தில் இறக்கினால் கூம்பு குறைபடும், பிடிப்பும் குறையும்.

நங்கூர ஆணிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகை, கான்கிரீட் கொட்டுமுன்பே பதிக்கப்படுவது. அதன் அடிமுனை வளைந்தோ தலை பருத்தோ இருக்கும். இயந்திரங்களையும் இரும்புத் தூண்களையும் நிறுத்த இதுவே ஏற்றது.

இரண்டாவது, விரியும் ஆணி. இறுகிய கான்கிரீட்டில் துளையிட்டு இதைச் செருகுவார்கள். நட்டை முடுக்கும்போது உள்முனை விரிந்து துளையின் சுவரை நெருக்கும். அந்த நெருக்கத்தைக் கான்கிரீட் தாங்கும்; பழைய செங்கல் வெடித்துவிடக்கூடும்.

மூன்றாவது, பிசின் ஆணி. துளையில் எப்பாக்சி போன்ற பிசினை நிரப்பி ஆணியை நிறுத்துவார்கள். துளையில் தூசு இருந்தால் பிசின் கான்கிரீட்டில் ஒட்டாது, தூசில்தான் ஒட்டும். ஆகவே ஊதியும் தூரிகையால் தேய்த்தும் துளையைச் சுத்தம் செய்வது இன்றியமையாதது.

2006 ஜூலை 10ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து, காரில் சென்ற பெண்மணி ஒருவர் மாண்டார். அவற்றைத் தாங்கிய ஆணிகளுக்கு இட்ட பிசின், ஓயாத பாரத்தால் சிறிது சிறிதாக நெகிழ்ந்திருந்தது. 2012 டிசம்பர் 2ஆம் நாள், ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் பிசின் ஆணிகள் தாங்கிய கூரை சரிந்து ஒன்பது பேர் மாண்டனர்.

பொருத்திய அன்று பிடித்த ஆணி என்றும் பிடிக்கும் என எண்ணலாகாது. வீட்டிலும் பள்ளியிலும் மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி போன்ற பாரங்கள் நம் தலைக்கு மேல் உள்ளன. சுவருக்கும் பாரத்திற்கும் ஏற்ற ஆணியைத் தேர்வோம். விரிசல், துரு, நழுவல் உண்டா என்று அவ்வப்போது பார்ப்போம். ஐயம் எழுந்தால், பாரத்தை இறக்கிவிட்டுப் பிறகு ஆராய்வதே அறிவுடைமை.