பாய்ஸ் சிட்டி: புல் போனது, நீர் போகிறது

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்கு முனையில் சிமரான் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. அதன் தலைமையூர் பாய்ஸ் சிட்டி. 1908இல் ஒரு நிறுவனம் அங்கே சுமார் 3,000 மனைகளை விற்றது. மரங்கள், நடைபாதைகள், ஊற்றுக் கிணறு எல்லாம் உண்டு என்றது விளம்பரம். வாங்கியவர்கள் வந்து பார்த்தபோது வெறும் புல்வெளிதான் இருந்தது. விற்றவர்கள் மோசடி வழக்கில் சிறை சென்றார்கள். வந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள்.

அங்கே ஆண்டு மழை சுமார் 450 மில்லிமீட்டர். அதுவும் ஒழுங்காகப் பெய்யாது. மண்ணைப் பிடித்து வைத்திருந்தது புல்லின் வேர். முதல் உலகப் போரில் கோதுமை விலை புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 2 டாலரைத் தாண்டியது. புல்வெளி வயலானது. டிராக்டர் வந்தது; 1925இல் ரயில் வந்தது. 1920இல் 3,436 ஆக இருந்த கவுண்டியின் மக்கள்தொகை 1930இல் 5,408 ஆனது.

1931இல் கோதுமை விலை 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. டிராக்டர் கடன் குறையவில்லை. கடனைக் கட்ட உழவர்கள் மேலும் புல்வெளியை உழுதார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் கணக்கும் சரி. பிறகு மழை பொய்த்தது. பயிர் முளைக்கவில்லை, மண்ணைப் பிடிக்கப் புல்லும் இல்லை. 1935 ஏப்ரல் 14 மாலை, எழுந்து வந்த புழுதிச் சுவர் ஊரை இருட்டில் மூழ்கடித்தது. அந்த ஆண்டுகளில் குழந்தைகளும் முதியவர்களும் தூசி நிமோனியாவில், அதாவது மண்துகள் நுரையீரலில் புகுந்து உண்டாகும் அழற்சியில், இறந்தார்கள். அந்தச் சமவெளி அதற்கு முன்பும் பல வறட்சிகளைக் கண்டிருக்கிறது. அப்போதெல்லாம் புல் இருந்தது.

1940இல் மக்கள்தொகை 3,654.

மழை திரும்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் பெருகின. அடியில் இருப்பது ஓகலாலா நீர்ப்படுகை: 8 மாநிலங்களுக்குக் கீழே மணலிலும் சரளையிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த நீர். பாசனம் விளைச்சலைக் கூட்டியது. ஆனால் இந்தப் பகுதியில் மழையிலிருந்து படுகைக்குள் இறங்கும் நீர் ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. இறைப்பதோ அதைவிடப் பல மடங்கு. ஓக்லஹோமாவின் இந்த மேற்கு நீட்சியில் சில இடங்களில் நீர்மட்டம் 100 அடிக்கும் மேல் இறங்கிவிட்டது.

2020 கணக்கெடுப்பில் சிமரான் கவுண்டியில் இருந்தவர்கள் 2,296 பேர். நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இது 1,140 பேர் குறைவு. இறைப்பு நிற்கவில்லை.